இன்ஜின் ஒருவருக்கு, முத்திரை இன்னொருவருக்கு: ஹோண்டா நிறுவனம் பற்றிய நிகழ்வு ஆய்வு

"கைக்கு எது வருகிறதோ, மனம் எதில் லயிக்கிறதோ, அதையே தொழிலாக்கிக்கொள்" என்று சொல்கிறவர்கள் உதாரணத்துக்கு அடிக்கடி எடுக்கும் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. கொல்லர் மகன், பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், இன்ஜின் பைத்தியம், உலகம் முழுக்கத் தெரிந்த கம்பெனி. கதை இப்படி நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. இதில் தவறான தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் 1949 அக்டோபரில் அந்தக் கம்பெனிக்குள் வந்து, 24 ஆண்டுகள் பணத்தையும் விற்பனையையும் தன் பொறுப்பில் வைத்திருந்த தகேயோ ஃபுஜிசாவா இந்தக் கதையில் காணாமல் போய்விடுகிறார். அவரை விட்டுவிட்டுப் படித்தால், திறமையைச் சுற்றித் தொழில் கட்டுவது எப்படி என்ற கேள்விக்கு ஹோண்டாவின் வாழ்க்கையில் உள்ள பதில் நம் கண்ணில் படாமலே போகும்.

ஹோண்டாவின் திறமை எங்கே போதுமானதாக இருந்தது, எங்கே போதவில்லை, எந்த இடத்தில் அதுவே தொழிலுக்குக் குறுக்கே நின்றது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம்.

கைக்கு வந்த வேலை

ஹோண்டா பிறந்தது 1906 நவம்பர் 17 அன்று, ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், ஹமமாட்சு நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அப்பா கிஹேய் இரும்படிக்கும் கொல்லர். பிறகு சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்தார். உலைக்களத்துச் சத்தத்தில் வளர்ந்த பையனுக்குப் பள்ளிப் பாடத்தில் நாட்டம் இல்லை. 1922இல், 15 வயதில், டோக்கியோவில் 'ஆர்ட் ஷோகாய்' என்ற கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். முதல் சில மாதங்கள் முதலாளி வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். ஸ்பேனரைத் தொடவே விடவில்லை.

1923 செப்டம்பரில் கான்டோ நிலநடுக்கம் வந்து டோக்கியோ எரிந்தது. பட்டறையும் எரிந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிட, மிச்சமிருந்த சிலரில் ஹோண்டாவும் ஒருவர். நெருப்பில் கருகிய கார்களைப் பிரித்து, சரிசெய்து, மீண்டும் ஓட வைக்கும் வேலை குவிந்தது. சாதாரண நாட்களில் பல வருடம் கழித்துக் கைக்கு வரும் வேலை அவருக்கு 16 வயதிலேயே வந்துவிட்டது. முதலாளி யூசோ சகாகிபாரா பந்தயக் கார் கட்டுவதில் ஆர்வமுள்ளவர். பழைய கர்ட்டிஸ் விமான இன்ஜினைப் பொருத்தி அவர்கள் கட்டிய கார் 1924இல் ஒரு பந்தயத்தில் வென்றபோது, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் ஹோண்டா.

1928இல் சகாகிபாரா அவருக்கு ஹமமாட்சுவில் ஆர்ட் ஷோகாயின் கிளை வைக்க அனுமதி கொடுத்தார். வயது 21. கடை நன்றாகவே ஓடியது. அந்தக் கடை ஓடியதற்குத் திறமை ஒரு காரணம். தொழிலின் அமைப்பு இன்னொரு காரணம். பழுது பார்க்கும் தொழிலில் வண்டி வாசலுக்கே வருகிறது, வேலை முடிந்ததும் காசு வருகிறது. விற்கப் போக வேண்டாம், மாதக்கணக்கில் பாக்கி நிற்காது. கைத்திறமை மட்டும் உள்ள மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான வியாபாரம் அமைவது கடினம். திறமையை மட்டும் பார்த்துவிட்டு அது எந்த வகைத் தொழிலில் உட்கார்ந்திருந்தது என்பதைப் பார்க்காமல் விட்டால், அடுத்து நடந்தது புரியாது.

சிலிக்கான் போதவில்லை

பழுது பார்ப்பதிலிருந்து உற்பத்திக்குப் போக வேண்டும் என்று ஹோண்டா 1930களின் நடுவில் பிஸ்டன் ரிங், அதாவது இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் உலோக வளையம், செய்ய இறங்கினார். சின்னப் பொருள்தானே, விலையும் நல்ல விலை என்ற கணக்கு. ஆனால் வார்த்து எடுத்த ரிங்குகள் விறைப்பாக இருந்தன. வளைந்து கொடுக்க வேண்டிய அளவுக்கு வளையவில்லை. இரவு பகலாகப் பட்டறையிலேயே கிடந்து பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் ஹமமாட்சு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியர் ஒருவரிடம் தன் ரிங்கைக் கொடுத்தார். சோதித்துப் பார்த்தவர் சொன்ன விடை: சிலிக்கான் போதவில்லை.

இரும்போடு பிறந்து வளர்ந்தவருக்கு இரும்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஹோண்டா வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. 30 வயதுக்கு மேல், பட்டறையை நடத்திக்கொண்டே, அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து உலோகவியல் வகுப்பில் உட்கார்ந்தார். பரீட்சை எழுத மாட்டேன் என்றதால் பட்டம் கிடைக்கவில்லை. தேவை பட்டமும் அல்ல. டோக்காய் செய்கி என்ற கம்பெனியாக ரிங் உற்பத்தி தொடங்கியது. டொயோட்டாவுக்குச் சோதனைக்கு அனுப்பிய 50 ரிங்குகளில் தேறியது மூன்றே மூன்று. அதற்கப்புறமும் பல ஆலைகளையும் பல்கலைக்கழகங்களையும் சுற்றி வந்து, செய்முறையை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, டொயோட்டாவுக்கே சப்ளை செய்யும் நிலைக்கு வந்தார்.

போர்க்காலத்தில் டொயோட்டா 40 சதவீதப் பங்கு எடுத்தது. குண்டுவீச்சும் 1945 நிலநடுக்கமும் ஆலைகளை உடைத்தன. போர் முடிந்ததும் மிச்சத்தை 450,000 யென்னுக்கு டொயோட்டா குழுமத்துக்கே விற்றுவிட்டு, ஒரு வருடம் வேலை செய்யாமல் மது குடித்துக்கொண்டும் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டும் இருந்தார்.

இந்தக் கட்டத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். தன் தொழிலின் உள்ளே இருந்த குறையை, அதாவது உலோகம் பற்றிய அறியாமையை, ஹோண்டா ஆள் வைத்துச் சமாளிக்கப் பார்க்கவில்லை. தானே போய்க் கற்றார். திறமை உள்ளவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். "எனக்குக் கை பழகிவிட்டது, படிப்பு எதற்கு" என்று. பின்னாளில் ஹோண்டா இன்ஜினை உலகமே மெச்சியதற்குப் பின்னால் அந்த வகுப்பறையும் இருக்கிறது.

தண்ணீர்க் குடுவை பெட்ரோல் டேங்க்

1946. ஜப்பானில் பேருந்தும் ரயிலும் போதவில்லை, அரிசிக்கும் காய்கறிக்கும் மக்கள் சைக்கிளில் வெகுதூரம் போய் வந்தார்கள். ஜப்பான் இராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரும் சின்ன ஜெனரேட்டர் இன்ஜின் ஒன்று ஹோண்டாவின் கையில் கிடைத்தது. அதைச் சைக்கிளில் பொருத்திப் பார்த்தார். முதல் வண்டியின் பெட்ரோல் டேங்க், குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வைக்கும் வெந்நீர்க் குடுவை. ஓட்டிப் பார்த்தவர் மனைவி சச்சி. ஊருக்குள் பெண் ஒருத்தி அதை ஓட்டிப் போனால் எல்லார் கண்ணிலும் படும் என்ற எண்ணமும் இருந்தது. சச்சியின் உடையில் எண்ணெய் தெறித்ததால் அதைத் தடுக்க வடிவமைப்பு மாற்றப்பட்டது.

இராணுவத்தின் மிச்ச இன்ஜின்கள் 500 அளவில்தான் கிடைத்தன. தீர்ந்ததும் சொந்தமாக இன்ஜின் செய்ய ஆரம்பித்தார். 1947இல் 'ஏ-டைப்' வந்தது. 1948 செப்டம்பர் 24 அன்று ஹோண்டா மோட்டார் கம்பெனி பதிவானது: மூலதனம் 10 லட்சம் யென், ஆட்கள் 34 பேர். 1949இல் 'ட்ரீம்' என்ற முழு மோட்டார் சைக்கிளையும் செய்துவிட்டார்கள்.

பொருள் நன்றாக இருந்தது. பணம்தான் வரவில்லை. வாங்கிப் போன வியாபாரிகள் பலர் காசு கொடுக்கவில்லை. வசூலுக்குப் போக ஹோண்டாவுக்கு மனமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. பழுதுக் கடையில் தேவைப்படாத திறமை உற்பத்தித் தொழிலில் உயிர்நாடியாகிவிட்டது. அதே கை, அதே ஆர்வம், ஆனால் சம்பளம் கொடுக்கவே திணறும் கம்பெனி. நம் ஊர் லேத் பட்டறை முதலாளிகள் பலருக்கு இந்த நிலை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரும்பு விற்றவர்

தகேயோ ஃபுஜிசாவா 1910இல் டோக்கியோவில் பிறந்தவர். அப்பாவின் தொழில் நொடித்துப்போனதால் இளவயதில் உறைகளுக்கு முகவரி எழுதிக் கூலி வாங்கிப் பிழைத்தவர். பிறகு ஒரு இரும்பு வியாபாரியிடம் விற்பனையாளராகச் சேர்ந்து அதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். சொந்தமாகக் கடைசல் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் தொடங்கி, நகாஜிமா விமானக் கம்பெனிக்கு விற்றார். அங்கே பொருளைச் சோதித்து வாங்கும் பொறுப்பில் இருந்தவர் ஹிரோஷி தகேஷிமா. இந்தத் தகேஷிமாவுக்கு ஹோண்டாவையும் தெரியும். 1949 ஆகஸ்ட்டில் இருவரையும் டோக்கியோவில் தன் வீட்டில் சந்திக்க வைத்தார்.

பேச்சு நீளவில்லை. பொருள் என்ன, அதை எப்படிச் செய்வது என்பது ஹோண்டாவின் பாடு. பணமும் விற்பனையும் ஃபுஜிசாவாவின் பாடு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. அக்டோபரில் ஃபுஜிசாவா நிர்வாக இயக்குநராகச் சேர்ந்தார்.

இந்த மாதிரி ஒப்பந்தம் வாய்ச்சொல்லாக எத்தனையோ கம்பெனிகளில் இருக்கும். இங்கே அது செயலில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். அன்றைய ஜப்பானில் முக்கியமான பத்திரங்களில் கம்பெனி முத்திரை விழ வேண்டும். தலைவரின் அதிகாரம் அந்த முத்திரையில்தான் இருந்தது. ஹோண்டா அதை ஃபுஜிசாவாவிடம் கொடுத்துவிட்டார். தலைவராக இருந்த காலம் முழுவதும் அந்த முத்திரையைத் தான் கண்ணால் பார்த்ததும் இல்லை, ஒரு தாளில் குத்தியதும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

நம்மில் பலர் கணக்குப் பார்க்க ஒருவரை வைப்போம், காசோலையில் கையெழுத்தை மட்டும் விட மாட்டோம். அப்படி வைத்தால் வந்தவர் கணக்குப்பிள்ளைதான், கூட்டாளி அல்ல. ஹோண்டா கொடுத்தது முழு அதிகாரம்.

ஐம்பதாயிரம் கடிதங்கள்

அந்த அதிகாரத்தை வைத்து ஃபுஜிசாவா என்ன செய்தார் என்பதற்கு 1952ஐப் பார்க்கலாம். அந்த வருடம் 'கப் எஃப்-டைப்' வந்தது: சைக்கிளின் பின்சக்கரத்தோடு பொருத்தும் சிறிய இன்ஜின், வெள்ளை டேங்க், சிவப்பு இன்ஜின், கைக்கு அடக்கம். ஹோண்டாவின் வேலை அதோடு முடிந்தது.

ஆனால் யார் விற்பது? இருக்கிற மோட்டார் சைக்கிள் வியாபாரிகள் குறைவு, அவர்களிடம் பாக்கித் தொல்லை வேறு. ஃபுஜிசாவா சைக்கிள் கடைகள் பக்கம் திரும்பினார். நாடு முழுக்க ஏறத்தாழ 50,000 கடைகள். எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதினார். ரஷ்யாவுடன் நடந்த போருக்குப் பிறகு உங்கள் முன்னோர் துணிந்து வெளிநாட்டு சைக்கிளை விற்கத் தொடங்கினார்கள், இன்றைய நிலை அதனால் வந்தது. இப்போது வாடிக்கையாளர் இன்ஜின் வைத்த சைக்கிளைக் கேட்கிறார், நாங்கள் அதைச் செய்திருக்கிறோம், விருப்பமிருந்தால் எழுதுங்கள். இதுதான் கடிதத்தின் சாரம். அப்பா தாத்தாவின் துணிச்சலை நினைவூட்டி எழுதிய அந்த நயம் இரும்பு விற்றுப் பழகிய மனிதருக்குத்தான் வரும்.

பதில்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பதில் எழுதியவர்களுக்கு இரண்டாவது கடிதம் போனது. சில்லறை விலை 25,000 யென், கடைக்கு 19,000 யென், முன்பணம் கட்டினால் சரக்கு அனுப்புகிறோம். மிட்சுபிஷி வங்கியிலிருந்தும் கடைகளுக்குக் கடிதம் போனது. முன்பின் தெரியாத கம்பெனிக்குப் பணம் அனுப்பும் தயக்கம் அதனால் குறைந்தது. இப்படி 13,000 அளவில் கடைகள் ஹோண்டாவின் விற்பனையாளர்களாயின. வசூலிக்க முடியாமல் தடுமாறிய கம்பெனி, மூன்றே ஆண்டில் சரக்கு போகும் முன்பே பணம் வாங்கும் கம்பெனியாக மாறியது. பாக்கிப் பிரச்சினைக்கு ஃபுஜிசாவா வசூலாளர்களை அனுப்பவில்லை. பாக்கியே வராத மாதிரி விற்பனையை மாற்றி அமைத்தார். ஒருவருக்கு இன்ஜினில் இருந்த கற்பனை இவருக்கு வியாபாரத்தில் இருந்தது.

இருவரும் சேர்ந்தால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அதே 1952இல், மூலதனம் சில மில்லியன் யென்னாக இருந்தபோது, 450 மில்லியன் யென்னுக்கு வெளிநாட்டு இயந்திரங்களை வாங்க முடிவு செய்தார்கள். 1954இல் எல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்தது. ஜூனோ ஸ்கூட்டரின் இன்ஜின் சூடேறிப் படுத்தது, ட்ரீம் வண்டி மீது புகார்கள் வந்தன, கப் விற்பனை சரிந்தது, இயந்திரக் கடன் தலைமேல் நின்றது. ட்ரீமின் கோளாறு கார்புரேட்டரில் என்று ஹோண்டா கண்டுபிடித்துச் சரிசெய்தார். அப்புறம் ஃபுஜிசாவா அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார், ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்து வரச் சொல்லி. சப்ளையர்களிடமும் வங்கியிடமும் தொழிற்சங்கத்திடமும் பேசி நிலைமையைத் தாங்கியவர் ஃபுஜிசாவா. கம்பெனி மூழ்கும் நிலையில் தலைவர் வெளிநாட்டில் பந்தயம் பார்த்தார் என்றால் கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் ஹோண்டா அந்த வங்கிப் பேச்சில் உட்கார்ந்திருந்தால் என்ன பயன்? பந்தயத் தீவில் மற்ற நாட்டு வண்டிகள் தன் வண்டியைவிட எவ்வளவு முன்னால் இருக்கின்றன என்று பார்த்துத் திகைத்துத் திரும்பினார். 1961இல் அதே தீவில் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களை ஹோண்டா வண்டிகள் பிடித்தன.

கேட்கத் தெரிந்தவரும் செய்யத் தெரிந்தவரும்

1958இல் வந்த சூப்பர் கப் இந்தக் கூட்டின் உச்சம். 1956 இறுதியில் இருவரும் ஐரோப்பா போனபோது, சாதாரண ஜனங்கள் ஓட்டும் சின்ன வண்டி வேண்டும் என்று ஃபுஜிசாவா வற்புறுத்தினார். ஹோண்டா அதை இயந்திர மொழிக்கு மாற்றினார். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும். அதனால் கையால் பிடிக்கும் கிளட்ச் கூடாது. விடை, தானாக இயங்கும் மையவிலக்கு கிளட்ச். மண் சாலையில் தடுமாறாமல் இருக்க 17 அங்குலச் சக்கரம். சேறு தெறிக்காமல் இருக்க முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. 50 சிசிக்குள் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்.

மாதிரி வண்டியைப் பார்த்து ஃபுஜிசாவா 30,000 விற்கும் என்றபோது, ஆண்டுக்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் சொன்னது மாதத்துக்கு. அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப சுசுகா நகரில் பெரிய ஆலை எழுந்தது. 2017இல் சூப்பர் கப் வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

திறமை குறுக்கே நின்றபோது

இதுவரை எல்லாம் சரி. 1960களின் கடைசியில் வந்தது இதைவிடக் கடினமான சோதனை. ஹோண்டா கார் செய்யத் தொடங்கியிருந்தது. காற்றால் குளிரும் இன்ஜின்தான் சிறந்தது என்று தலைவர் உறுதியாக நம்பினார். தண்ணீரால் குளிர்வித்தாலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது என்பது அவர் வாதம். 1969இல் வந்த எச்1300 கார் அப்படித்தான் உருவானது. நல்ல சக்தி இருந்தது. எடையும் செலவும் கூடிப்போயின. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வரப்போகும் நிலையில், வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த தண்ணீர்தான் வழி என்று இளம் பொறியாளர்கள் கருதினார்கள். பிற்காலத்தில் தலைவரான தடாஷி குமேயும் அவர்களில் ஒருவர். ஆனால் ஹோண்டாவிடம் சொல்லி வெல்ல முடியவில்லை. அறையில் இருந்தவர்களிலேயே மிகப் பெரிய இன்ஜின்காரர் அவர்தானே.

பொறியாளர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். இருபது ஆண்டுகளாகத் தொழில்நுட்பத்தில் தலையிடாதவர் இந்த முறையும் எந்த இன்ஜின் நல்லது என்று பேசவில்லை. ஹோண்டாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் கம்பெனியின் தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராக இருக்கப்போகிறீர்களா? சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலைவராக இருப்பதுதான் சரி என்றார் ஹோண்டா. அப்படியானால் தண்ணீர் இன்ஜினையும் செய்ய விடுவீர்கள்தானே? விடுகிறேன் என்றார்.

அந்தப் பாதையில் வந்ததுதான் 1972இன் சிவிக் காரும், புகை குறைந்த சிவிசிசி இன்ஜினும். அமெரிக்கா 1975க்கு என்று வகுத்திருந்த கடுமையான புகை வரம்பை, 1972 டிசம்பர் சோதனையில் சிவிசிசி எட்டிவிட்டது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த ஒரு நிகழ்வுக்காகவே ஹோண்டாவின் கதையை முழுதாகப் படிக்க வேண்டும் என்பேன். இங்கே தடையாக நின்றது கம்பெனியைக் கட்டிய அந்தப் பலமே. ஃபுஜிசாவா அதற்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். 1960இல் ஆராய்ச்சிப் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தது அவர் யோசனைதான். ஒரு மேதையின் தலையை மட்டும் நம்பி கம்பெனி எத்தனை நாள் ஓடும் என்பது அவர் கவலை; பல பொறியாளர்கள் தழைக்க இடம் வேண்டும் என்றார். தண்ணீர் இன்ஜினுக்காக வாதாட ஆட்கள் இருந்ததற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

சிவிசிசி வேலை நடந்தபோது, பெரிய கம்பெனிகளை எட்டிப்பிடிக்க இது வாய்ப்பு என்று ஹோண்டா சொல்ல, நாங்கள் கம்பெனிக்காகச் செய்யவில்லை, சமூகத்துக்காகச் செய்கிறோம் என்று இளைஞர்கள் பதில் சொன்னார்கள். விலக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியதற்கு அதையும் காரணமாகச் சொல்லியிருக்கிறார். 1973இல் ஃபுஜிசாவா முதலில் விலகும் எண்ணத்தைத் தெரிவிக்க, அப்படியென்றால் நானும்தான் என்று ஹோண்டா முடிவு செய்தார். கம்பெனியின் 25ஆம் ஆண்டில் இருவரும் ஒன்றாக வெளியேறினார்கள். இருவர் பிள்ளைகளும் கம்பெனிக்குள் வரவில்லை. அடுத்த தலைவர், 1947இல் இளம் பொறியாளராகச் சேர்ந்த கியோஷி கவாஷிமா. அப்போது வயது 45.

ஃபுஜிசாவா எப்படிக் கிடைத்தார்

இந்த வரலாற்றைச் சொன்னால் உடனே வரும் எதிர்க்கேள்வி, அப்படி ஒரு ஆள் எல்லாருக்கும் கிடைப்பாரா என்பது. நியாயமான கேள்வி. ஆனால் அவர் அதிர்ஷ்டத்தில் வந்து விழுந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹோண்டாவுக்கு அவர் உறவும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை, பள்ளித் தோழரும் இல்லை. இருவர் வேலையையும் அறிந்திருந்த மூன்றாம் மனிதர் ஒருவர் வழியாக வந்தார். அந்த மூன்றாம் மனிதர் ஃபுஜிசாவாவை எடைபோட்டதும் பேச்சை வைத்து அல்ல, அவர் கொண்டுவந்து கொடுத்த சரக்கை வைத்து.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஃபுஜிசாவாவும் தேடிக்கொண்டிருந்தவர்தான். விற்கத் தெரியும், பணத்தைத் திரட்டத் தெரியும். ஆனால் ஆயுள் முழுக்க நம்பி விற்கும்படியான பொருள் அவரிடம் இல்லை. அதைச் செய்யக்கூடிய மனிதனுக்காக அவர் காத்திருந்தார். கைத்திறமையை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் பங்காளி தேடும்போது முதலில் வீட்டுக்குள்ளும் சொந்தத்திலும்தான் பார்க்கிறோம். தகேஷிமா போன்றவர்கள் இருப்பது வேறு இடத்தில்: நம்மிடம் வாங்குகிறவர், நமக்கு விற்கிறவர், நம் சரக்கைச் சோதித்துத் திருப்பி அனுப்பியவர். இவர்கள் நாளும் இரு பக்கத்து வேலையையும் பார்க்கிறார்கள். அவர்களிடம் "பணத்தையும் விற்பனையையும் முழுதாகப் பார்த்துக்கொள்ள எனக்கு ஆள் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்கிற பட்டறைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.